வேதாரண்யம் பக்கம் நாலு நாள்: முல்லை, உப்பு, கொஞ்சம் கடல்

வெள்ளி, இரவு

வேதாரண்யம் என்றால் கோயில், உப்பு சத்தியாகிரகம், கோடியக்கரை என்று மூன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்குப் போகிற சின்ன ரயிலில் ஒரு தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், அதுக்கு மேலும் விஷயம் இருப்பது தெரியும். மொத்தமே 37 கிலோமீட்டர்தான். மீட்டர் கேஜ் காலத்தில் உப்பு ஏற்றிப்போன தடம் இது. பல வருஷம் மூடிக் கிடந்து 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திறந்தார்கள். கிளம்பும்போது இரண்டு பக்கமும் டெல்டாவின் களிமண், சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும். கரியாப்பட்டினம் தாண்டியதும் மண் வெளுக்கிறது. குரவப்புலம், நெய்விளக்கு பக்கம் முழுக்க மணல், அதில் தென்னை, மா, முல்லைத் தோட்டங்கள். அதையும் தாண்டிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் புல்லே முளைக்காத உப்பளம். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நெல் விளைகிற மண், பூ விளைகிற மண், உப்பு விளைகிற மண் எல்லாம் வந்துவிடுகின்றன.

நாங்கள் குரவப்புலத்தில் இறங்கிவிட்டோம். என் மனைவியின் சித்தப்பா அங்கே இருக்கிறார். எனக்கு மாமா முறை, இனி மாமா என்றே எழுதுகிறேன். எக்ஸெல் வண்டியோடு ஸ்டேஷன் வாசலில் நின்றார். "வாங்க மாப்பிள்ளை, பங்குனி வெயில்ல வந்து மாட்டிக்கிட்டீங்களே" என்றார். மாட்டிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. உப்பு எடுக்க ஆரம்பித்திருப்பார்கள், முல்லை வரத்து தொடங்கியிருக்கும், நிலக்கடலை பிடுங்குகிற நேரம், கோடியக்கரையில் மீன் சீசனின் வால் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் மார்ச் மாதம் வந்தோம்.

சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். நான் முதலில் பார்க்க விரும்பியது அவருடைய குட்டையை. தோட்டத்து மூலையில் மணலைத் தோண்டி வைத்திருக்கிறார், ஓர் ஆள் ஆழம் இருக்கலாம், அடியில் தெளிவான தண்ணீர். கையில் அள்ளிக் குடித்தேன், உப்பே இல்லை. கடல் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை, நிலத்தடியில் உப்புத் தண்ணீர்தான் கிடக்கிறது. ஆனால் மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அந்த உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் சீக்கிரத்தில் கலப்பதில்லை. மேலாகத் தோண்டி மெதுவாக இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். பேராசைப்பட்டு ஆழமாகப் போர் போட்டு மோட்டாரை ஓடவிட்டால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், அதற்கப்புறம் அந்தக் கிணறு எதற்கும் ஆகாது. இந்தப் பக்கத்து விவசாயம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. காவிரியின் கடைமடைக்கும் கடைமடை இது. குடிதண்ணீரே கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது.

மாமாவின் அப்பா காலத்தில் இதே நிலத்தில் புகையிலை. வேதாரண்யம் புகையிலைக்குக் கேரளத்தில் நல்ல கிராக்கி இருந்தது. குட்டைக்குள் இறங்கிக் குடத்தில் மொண்டு, செடிக்குச் செடி ஊற்றுவார்களாம், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. "எங்க அம்மாவுக்கு இடுப்பு போனதே அதுலதான்" என்றார் மாமா. இலையை அறுத்து, வெயில் காட்டி, பாடம் போட்டு முடிப்பதற்குள் வீடே புகையிலை நாற்றம் அடிக்குமாம். இப்போது சில இடங்களில் மட்டும் போடுகிறார்கள். மாமா விட்டுவிட்டார், விட்டதில் அத்தைக்கு ரொம்ப சந்தோஷம்.

சனி, இரவு

விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுப்பிவிட்டார்கள். முல்லையை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் சந்தைக்குப் போகாது. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசைக்கு ஒருவராக நிற்கிறார்கள், எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன வெளிச்சம் நகர்கிறது. விரல் போகிற வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை. நானும் கொஞ்ச நேரம் பறித்தேன். பக்கத்து வரிசை அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி பறிச்சது சாமிக்கு வைக்கப் பத்தும்" என்றார்.

கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு. பூ விலை அப்படி இல்லை, முகூர்த்த நாளில் ஏறும், மறுநாளே இறங்கும், வரத்து அதிகமானால் பறிகூலிக்குக் கூடத் தேறாது. அப்படிப்பட்ட நாளில் பறிக்காமல் விடலாமே என்று கேட்டேன். விட்டால் செடி கெடும், அடுத்த மொட்டு ஒழுங்காக வராது, அதனால் நட்டத்துக்காவது பறித்துத்தான் ஆக வேண்டும் என்றார் மாமா. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், நெய்விளக்கு, ஆதனூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இதே கதைதான். இங்கே ஒரு சென்ட் தொழிற்சாலை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் அதைப் பற்றிப் பேச்சு வருகிறது. மாமா அந்தப் பேச்சை எடுத்தாலே கையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.

பொழுது விடிந்ததும் பூவைச் சாக்கில் கட்டி ரோட்டோரக் கமிஷன் கடையில் எடை போட்டார்கள். அங்கிருந்து வேனில் ஏறி திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர் என்று போகிறது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் பூவின் எடை மட்டும்தான் இருந்தது. விலை அப்புறம்தான் தெரியுமாம். தான் விற்ற பொருளுக்கு என்ன விலை என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போகிற ஒரே வியாபாரி விவசாயிதான், இதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றைக்கு நேரில் பார்த்தேன்.

இட்லியை முடித்துவிட்டு நாங்கள் இருவரும் எக்ஸெல்லை வாங்கிக்கொண்டு புஷ்பவனம் கிளம்பினோம். நாகப்பட்டினம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து செம்போடை, தேத்தாகுடி, நாலுவேதபதி பக்கமெல்லாம் மாந்தோப்புகள். இந்த மாதம் பிஞ்சு கோலிக்குண்டு அளவில் தொங்குகிறது. மரங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: பெரிய மரங்கள் குறைவு, இளம் ஒட்டுமரங்கள் அதிகம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை ஏறியது இந்தப் பக்கத்தில்தான். மணல் நிலத்தில் வேருக்குப் பிடிமானம் போதாது, பாட்டன் காலத்து மாமரங்கள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. தென்னை, சவுக்கு, முந்திரி எதுவும் தப்பவில்லை. இங்கே பேச்சில் வருஷத்தையே கஜாவுக்கு முன்னாடி, கஜாவுக்கு அப்புறம் என்றுதான் சொல்கிறார்கள். "இந்த வீடு கஜாவுக்கு அப்புறம் கட்டினது", "பொண்ணு கல்யாணம் கஜாவுக்கு முன்னாடி", இப்படி.

புஷ்பவனத்தில் ஒரு தோட்டக்காரர் எங்களை நிறுத்தி எங்கே போகிறோம் என்று விசாரித்தார். கடலுக்கு என்றோம். "கடல் எங்க போயிடும், உள்ள வாங்க" என்று அழைத்துப்போய்ப் பிடுங்கிப் போட்டிருந்த நிலக்கடலைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். மணலில் விளைந்த கடலைக்கு ஓட்டில் மண்ணே ஒட்டுவதில்லை, உதறினால் போதும். அவர் வீட்டம்மா பச்சைக் கடலையை அவித்துக் கொண்டுவந்தார். அதே தோட்டத்தில் கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் சின்னச் சின்னப் பாத்தியாக இருக்கிறது. மணல் ஈரம் பிடித்து வைக்காது என்பதால் தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். கடற்கரைப் பக்கம் சவுக்கை நெருக்கி வைத்திருக்கிறார். விறகுக்கு விற்கலாம், அதைவிட முக்கியம் உப்புக் காற்றைத் தடுப்பது. சவுக்கை வெட்டிய வருஷம் பின்னால் இருக்கிற கத்தரி இலையெல்லாம் ஓரம் கருகுமாம். அதனால் ஒரு வரிசையை வெட்டுவதற்குள் அடுத்த வரிசையை நட்டுவிடுகிறார்.

அதற்கப்புறம் கடல். சவுக்குக்குள் ஒற்றையடிப் பாதையாகப் போய்த் திடீரென்று வெளியே வந்தால் நீளமான, யாருமே இல்லாத மணல். பார்த்தது இரண்டு நாயும், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும்தான். பஜ்ஜிக் கடை, குதிரை சவாரி, செல்ஃபிக்கு வைத்த இறக்கை எதுவும் கிடையாது. குளிக்கவில்லை. பெரியவர் கரை சரிவு சரியில்லை, காலை இழுக்கும் என்றார், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டோம். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆறுகாட்டுத்துறை. பைபர் படகுகள் வரிசையாகக் கிடந்தன, நண்டு வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கால் உடையாமல் எடுத்தால்தான் விலை. காலா மீன் வாங்கிப் போய் அத்தையிடம் கொடுத்தோம். மாங்காய் போட்டு வைத்த குழம்பு. இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியாது.

ஞாயிறு, இரவு

இந்தப் பயணத்திலேயே நான் அதிகம் எதிர்பார்த்தது இன்றைய நாள்தான். அகஸ்தியன்பள்ளி உப்பளம்.

தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு அதிகம் எடுப்பது இங்கேதான். அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் என்று ஆயிரக்கணக்கான ஏக்கர். கடல் நீரையும் நிலத்தடி உப்புநீரையும் இறைத்து முதலில் பெரிய பாத்தியில் நிறுத்துகிறார்கள். வெயிலில் வற்ற வற்ற அடுத்த பாத்திக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே வருகிறார்கள். கண்ணாடிக் குழல் ஒன்றை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறார்கள், இது சூடு இல்லை, தண்ணீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்கிற அளவு. கடல் நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் இருக்கும், 25 டிகிரி வந்தால்தான் உப்பு உட்காரத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். 29, 30 தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், அதனால் அதற்குள் வாரிவிட்டு மிச்சத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அடுக்களையில் ஒரு சிட்டிகை போடுகிற பொருளுக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

வெயில் ஏறுவதற்குள் வாரி முடிப்பதற்காக இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். நாங்கள் போனபோது வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். நீளக் கட்டையில் பலகை கோத்த வாருகோலால் இழுத்து, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போகிறார்கள். ஈர உப்பு என்ன கனம் கனக்கும் என்று ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தேன், இடுப்புக்கு மேல் வரவில்லை. ஒன்பது மணிக்கே வெயில் தலைக்கு மேலிருந்து அடித்ததோடு கீழே வெள்ளைத் தரையிலிருந்தும் அடித்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. செல்போனை எடுத்தேன். ஒரு அம்மா கூடையை இறக்காமலே கேட்டார்: "போட்டோ எடுத்தா உப்பு விலை ஏறுமா தம்பி?" எல்லோரும் சிரித்தார்கள். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

விலை ஏறுவதில்லை என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். கோடையில் ஒரு நாள் மழை பெய்தால் பாத்தியில் இருப்பது கரைந்துபோகும், மறுபடி வெயில் பிடித்து டிகிரி ஏற நாளாகும். ஐப்பசி வந்தால் வேலையே கிடையாது. முல்லைத் தோட்டத்தில் மாமா மழைக்கு ஏங்குகிறார், இங்கே அதே மழையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், இரண்டு பேருக்கும் நடுவே வண்டியில் அரை மணி நேரம்கூட இல்லை.

பக்கத்தில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து கிளம்பி, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். வழியில் இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் சோற்றைப் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள், யார் கொடுத்தார்கள் என்று யாரைப் பிடிப்பது? ஊரில் எல்லா ஏற்பாட்டையும் செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் சவரத் தொழிலாளி வைரப்பன். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனவர். அவருக்கும் ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. உப்பளத்துத் தூணுக்கு வருகிறவர்கள் அதையும் போய்ப் பார்க்கலாம்.

அங்கிருந்து கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை. உப்பளம் முடிந்ததும் காடு தொடங்கிவிடுகிறது, பாலை மரங்கள் நிறைந்த, குட்டையான, கோடையிலும் பச்சையாகவே இருக்கிற காடு. கோடிக்குழகர் கோயில் வழியில்தான். இந்தக் காற்றடிக்கிற கரையில் துணைக்கு ஆளில்லாமல் ஏன் தனியாக இருக்கிறாய் என்று சுந்தரர் சாமியையே கேட்ட இடம். பகல் பன்னிரண்டு மணிக்குப் போனீர்கள் என்றால் அந்தக் கேள்வி நியாயம்தான் என்று படும்.

சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது, 2002 முதல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. வெளிமான் கூட்டம் புல்வெளியில் தாராளமாகத் தெரிந்தது. ஆண் மான் மட்டும் கறுப்பு, முறுக்கிய கொம்பு, மற்றவை செம்பழுப்பு. மட்டக்குதிரைகளும் மேய்ந்தன, யாரோ எப்போதோ விட்டுப்போனவற்றின் வாரிசுகள். பூநாரைகளுக்கு நாங்கள் தாமதம். சதுப்பில் வெகு தொலைவில் ஒரு வெளிறிய கோடு தெரிந்தது, பைனாகுலர் வைத்திருந்த ஒருவர் அதுதான் பூநாரை என்றார், நம்பினோம். மனைவி, "இதுக்கா சித்தப்பா இவ்வளவு பில்டப் கொடுத்தாரு" என்றாள். பறவைதான் குறி என்றால் நவம்பர், டிசம்பரில் வாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைக் காலில் வளையம் போட்டு ஆய்வு செய்கிற இடம் இது, வளையம் போட்ட பறவைகள் எங்கெங்கேயோ கண்டம் தாண்டித் தென்பட்டிருக்கின்றன.

கடற்கரையில் மீன் வாடிகள். அக்டோபரில் வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்கி, மார்ச்சில் கிளம்பிவிடுவார்கள். பாதி வாடிகளில் ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாவல், ஷீலா, திருக்கை எல்லாம் கடைசி ஏலம். கரையோரத்தில் வனத்துறையின் ஆமைக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ராத்திரியில் ஏறி மணலில் இடுகிற முட்டைகளை, நாயும் நரியும் தோண்டுவதற்குள் எடுத்துவந்து வேலிக்குள் புதைக்கிறார்கள், ஐம்பது நாள் அளவில் பொரிந்ததும் கடலில் விடுகிறார்கள். அதே கரையில் செத்து ஒதுங்கிய பெரிய ஆமை ஒன்றும் கிடந்தது. வலையில் சிக்கினால் மூச்சு விட மேலே வர முடியாது, அதுதான் காரணம் என்றார் அங்கிருந்த ஒரு மீனவர், எதையும் மறைக்காமல்.

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படுவதைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். 2004 சுனாமியில் போய்விட்டது, அடிக்கட்டுமானம் கொஞ்சம் மிச்சம். ஆனால் அங்கே நின்றால் கரை திரும்புவது தெரிகிறது. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் கடற்கரை இங்கே மேற்கே மடங்கிவிடுகிறது, ஒரு பக்கம் வங்கக்கடல், மறு பக்கம் பாக் நீரிணை. எதிர்க்கரை யாழ்ப்பாணம். வேதாரண்யம் கோயில் நிர்வாகமே நெடுங்காலம் யாழ்ப்பாணத்து வரணியைச் சேர்ந்த பண்டாரசந்நிதிகள் கையில் இருந்தது என்று மாமா சொன்னார். வரைபடத்தைப் பார்த்தால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

திங்கள், மதியம்

ரயிலுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன், சுருக்கமாகவே.

காலையில் வேதாரண்யேஸ்வரர் கோயில். அப்பர் பாடித் திறந்து சம்பந்தர் பாடி மூடிய கதவு இங்கேதான். அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியாள், அந்தக் குரலுக்கு முன்னால் எடுபடாது என்று இங்கே சரஸ்வதி வீணை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். தோற்றதை இவ்வளவு பெருந்தன்மையாக ஒத்துக்கொண்ட ஒரு கலைஞருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

கோயிலுக்கு நேர் கிழக்கே சன்னதிக் கடல். அமாவாசைகளில் ஜனம் கொள்ளாது, இன்றைக்குக் காலி. நல்ல மணல் கடற்கரையை எதிர்பார்த்து வராதீர்கள், சேறு காலை வாங்குகிறது. கஜா சமயத்தில் கடல் கொண்டுவந்து தள்ளிய சேறு பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். தவிர, திதி கொடுக்க வந்தவர்கள் விட்டுப்போன துணியும் பிளாஸ்டிக் பையும். நடக்க, உட்கார, வேடிக்கை பார்க்க என்றால் நேராகப் புஷ்பவனம் போய்விடுங்கள், என் ஓட்டு அதற்குத்தான்.

போக நினைப்பவர்களுக்கு: உப்பளம் பார்க்க பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை சரி, காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், வேலை நடக்கிற வரப்பில் கேட்டுவிட்டு நடக்கவும். மாம்பழம் வேண்டுமென்றால் சித்திரை கடைசி. ஏப்ரல் 15லிருந்து ஜூன் நடு வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பைபர் படகு மீன் மட்டும்தான் கிடைக்கும். கோடியக்கரைக்கு பஸ்கள் கம்மி, வண்டி இருந்தால் நல்லது, சரணாலயம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தோட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது. வேலியோரம் நின்று குரல் கொடுத்தால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் கடலையோ கீரையோ வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சனிக்கிழமை பூவுக்கு விலை வந்துவிட்டதா என்று கிளம்பும்போது மாமாவிடம் கேட்டேன். வந்துவிட்டது. எவ்வளவு என்று சொல்லவில்லை, "அடுத்த வாரம் முகூர்த்தம் இருக்கு, பாப்போம்" என்றார்.